மாயூரம் வேதநாயகம் பிள்ளை

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை விடாது பெய்த மாலையொன்றில், நம் குப்பத்துப் பெரியவர் ஒருவர் காகிதக்கட்டொன்றை நனையாதபடி மடியிற் செருகிக்கொண்டு எம் இல்லத்திற்கு வந்தார். ஏரியிற் பாட்டுரிமை பற்றி நெடுங்காலம் நடந்த வழக்கொன்றின் தீர்ப்பு அது. அவ்வழக்கில் அவரும் ஒரு கட்சிக்காரர். வாய்தாதோறும் தொழிலை விட்டுப் பஸ் ஏறிச் சென்று வாயிலில் நின்றவர். ஆயினும் தம் பொருட்டு அங்கே பேசப்பட்டது யாது, எக்காரணத்தால் வழக்கு இவ்வாறு முடிந்தது என்பவற்றுள் ஒன்றையும் அவர் அறியார். பேசியதும் ஆங்கிலம், எழுதியதும் ஆங்கிலம். இரண்டு மாலைப்பொழுதுகள் அதனைத் தமிழிற் பெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தோம். கேட்டு முடித்த பெரியவர், தோற்றமைக்காக ஒரு சொல்லும் வருந்தவில்லை. நம் பாட்டுக் கூட்டத்திற் சீட்டுக் குலுக்கும்போது, ஆகாத இடம் விழுந்தவனுக்கும் அஃது எவ்வாறு விழுந்தது என்பது தெரியும் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து சென்றார்.

அன்றிரவு எம் நினைவில் எழுந்தவர் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையவர்கள். தமிழில் முதல் நாவல் எழுதியவர் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக நம் பிள்ளைகள் அவரைப் படிக்கிறார்கள். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். அவ்வொரு வரியின் பின்னே ஒரு வழக்குமன்றமும் ஒரு கொடும் பஞ்சமும் நிற்கின்றன. அவை இல்லையேல் பிரதாப முதலியார் சரித்திரம் என்னும் அந்நூல் அவ்வுருவில் தோன்றியிராது என்பது எம் கருத்து. அதனையே சங்கத்து அன்பர்களுக்கு இங்கே எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 11-ஆம் நாள், கத்தோலிக்க வேளாளர் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை; தாயார் ஆரோக்கிய மரியம்மாள். திருச்சிராப்பள்ளிக் கோர்ட்டைச் சார்ந்த அறிஞர் ஒருவரிடம் தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே பயின்றார். இரண்டு மொழிகளையும் ஒரே திண்ணையிற் கற்றது பிற்காலத்தில் அவர்க்குப் பெரும்பயன் தந்தது. பின்னர் அக்கோர்ட்டிலேயே முதலிற் பதிவுக்கட்டுக்களைக் காக்கும் வேலையிலும், அதன்பின் மொழிபெயர்ப்பு வேலையிலும் அமர்ந்தார்.

இங்கே சிறிது நின்று நோக்க வேண்டும். அக்காலத்துக் கம்பெனி நியாயஸ்தலத்தில் மொழிபெயர்ப்பவன் நிலை எத்தகையது? கீழே நின்று குடியானவன் தன் ஊர்ப்பேச்சில் தன் குறையைச் சொல்வான். மேலே அமர்ந்த துரைக்கு அப்பேச்சு விளங்காது. குடியானவன் அழுகையும் கோபமும் கலந்து சொல்வதை ஆங்கிலமாக்குவதும், துரை சொல்வதைத் திரும்பத் தமிழாக்குவதும் இடையிலே நிற்பவன் வேலை. ஒரு சொல் பிசகினால் ஒருவன் நிலம் போய்விடும். ஒரு சொல் விட்டுப்போனால் ஒருவன் சிறைக்குச் செல்வான். புலவர்கள் செய்யுளிற் சொல்லைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில், இவர் சாட்சிக்கூண்டில் நின்றவனுடைய உரைநடையை நாடோறும் கேட்டு நிறுத்துப் பழகினார். பேச்சுத்தமிழின் வலிமையை அவருக்குக் கற்பித்த பள்ளிக்கூடம் அதுவே என்று யாம் கருதுகின்றோம்.

1857-ஆம் ஆண்டில் அவர் முன்சீப் பதவி பெற்றுத் தரங்கம்பாடிக்கு வந்தார். அவ்வூரைப் பற்றிச் சொல்லும்போது நம் பழவேற்காட்டை நினையாதிருத்தல் இயலாது. இங்கே ஒல்லாந்தர் 1613-இல் கோட்டை கட்டினர்; அங்கே டேனிஷ்காரர் 1620-இற் கட்டினர். இங்குள்ள கோட்டை 1825-இல் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. அங்குள்ளது 1845-இல் விலைக்குப் போயிற்று. இரண்டும் கடலோரத்துக் குப்பங்களின் நடுவே அயல்நாட்டார் வந்து தராசு நிறுத்திய ஊர்கள். தரங்கம்பாடிக்கு மட்டும் உரிய சிறப்பொன்று உண்டு. சீகன்பால்கு என்னும் ஜெர்மானியப் பாதிரியார் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே அச்சுக்கூடம் அமைத்துத் தமிழ் உரைநடையை அச்சேற்றினார். 1715-இற் புதிய ஏற்பாடு தமிழில் முற்றும் அச்சாயிற்று. அத்தகைய ஊரிலே நம்மவர் ஒருவர் நியாயாதிபதியாக வந்து அமர்ந்தது பொருத்தமே.

பின்னர்ச் சீர்காழியிலும், அதன்பின் மாயூரத்திலும் அவர் முன்சீப்பாக இருந்தார். மாயூரத்தில் மட்டும் 13 ஆண்டுகள்; அதனால் அவ்வூர்ப்பெயரே அவர் பெயரின் முன் ஒட்டிக்கொண்டது. (மயிலாடுதுறை என்று இன்று வழங்கும் ஊர் அது.) 1862-ஆம் ஆண்டில் அவர் ஒரு காரியம் செய்தார். அவர்தம் வாழ்வில் நாவலினும் இதனையே யாம் பெரிதாக மதிப்பதுண்டு. சதர் கோர்ட் என்னும் மேல்மன்றத்தின் தீர்ப்புக்களை, 1805 முதலாக உள்ளவற்றைத் தமிழில் மொழிபெயர்த்துச் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரால் வெளியிட்டார். அவ்வாறு செய்யும்படி அவருடைய பதவி அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. சட்டம் எந்த மக்களை ஆளுகின்றதோ அந்த மக்கள் அதனைப் படித்தறிய வேண்டும் என்னும் எண்ணமே காரணம். நம் குப்பத்துப் பெரியவர்க்கு யாம் இரண்டு மாலையிற் செய்த வேலையை, அவர் 50 ஆண்டுத் தீர்ப்புக்களுக்குச் செய்து வைத்தார்.

கைக்கூலி வாங்குதல் உத்தியோகத்தின் ஒரு பகுதியென்றே எண்ணப்பட்ட நாட்கள் அவை. அவர் வாங்கவில்லை, அதனோடு நில்லாமல், 1859-இல் வெளியிட்ட நீதிநூலிற் கைக்கூலியைக் கண்டித்துத் தனியே பாடியும் வைத்தார். உத்தியோகத்தில் இருந்துகொண்டே உத்தியோகஸ்தர்களைப் பாடுவது எளிதன்று. அன்றாடம் உடன் அமர்ந்து உண்பவர்கள் அதனைப் படிப்பார்கள் அல்லரோ?

மாயூரத்து வாழ்க்கையில் அவருக்கு வாய்த்த நட்பு பெரிது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் அவர்மீது குளத்துக்கோவை பாடினார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் நண்பர். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரும் நண்பர். உ. வே. சாமிநாதையர் 1871-இல் மாயூரம் வந்து மகாவித்துவானிடம் மாணாக்கராகச் சேர்ந்தபோது, வேதநாயகம் பிள்ளை அவ்வூரிற் புகழோடு விளங்கிய முன்சீப். சைவ மடத்துத் தலைவரும், பார்ப்பனப் பாகவதரும், கத்தோலிக்க நியாயாதிபதியும் ஒரு வட்டமாய் அமர்ந்து தமிழ் பேசிய காட்சியை எண்ணும்போது நெஞ்சு குளிர்கின்றது.

அவ்வளவு செய்யுட்செல்வம் சூழ்ந்திருந்தும், உரைநடையில் ஒரு பெருங்கதை எழுத வேண்டும் என்று அவர் ஏன் நினைத்தார்? தமிழில் வசனநூல்கள் இல்லாத குறையை நீக்கவே எழுதினோம் என்பதைத் தம் முன்னுரையிற் கூறுகின்றார். முன்பு தாம் செய்யுளிற் சொன்ன நீதிகளுக்குக் கதையால் உதாரணம் காட்டுவதும் நோக்கம் என்கின்றார். இஃது அவர் சொன்ன காரணம். சொல்லாத காரணம் ஒன்றும் உண்டென்று எமக்குப் படுகின்றது. நாலடியிற் கைக்கூலியைப் பழித்தால் அதனைப் படித்து மகிழ்வார் பண்டிதர். கைக்கூலி கொடுத்து நொந்தவனோ நாலடி அறியான், கதை அறிவான். அவனை முன்சீப் அறிந்திருந்தார். மகாவித்துவான் அவ்வளவு அறிந்திருக்க இடமில்லை.

1872-இல் அவர் பதவியிலிருந்து நீங்கினார். 46 வயதே ஆகியிருந்தது. மாயூரம் நகரசபைத் தலைவராகவும் தொண்டாற்றினார். ஓய்ந்து எழுதலாம் என்று எண்ணியிருந்தால் அவ்வெண்ணம் உடனே பலிக்கவில்லை. தாது வருஷம் வந்தது.

1876-இல் மழை பொய்த்தது. மறு ஆண்டும் பொய்த்தது. 1878 வரை நீண்ட அப்பஞ்சத்திற் சென்னை மாகாணத்தில் மட்டும் மாண்டோர் 30 லட்சத்துக்கு மேற்பட்டோர் என்பர். தானியம் முற்றும் இல்லாமற் போகவில்லை. இருந்த தானியம் விலை ஏறும் இடத்தை நோக்கி இரயிலிலும் கப்பலிலும் சென்றுகொண்டிருந்தது. நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு ஒரு நாளைக்கு ஓர் இராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று சர்க்கார் கணக்கிட்டது. நம்மவர்க்கு அப்பஞ்சத்தின் சுவடு கண்முன்னேயே கிடக்கின்றது. நம் ஏரியைத் தொட்டுச் செல்லும் பக்கிங்காம் கால்வாயில், சென்னையில் அடையாற்றுக்கும் கூவத்துக்கும் இடைப்பட்ட சுமார் 5 மைல் நீளம், 1877-78-இல் அக்கூலிக்கு வெட்டியதே. பஞ்சகாலத்துக் கவர்னராயிருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு வாய்த்தது. மண் சுமந்தோர் பெயர் ஒன்றும் எழுதப்படவில்லை. விறகும் உப்பும் மீனும் ஏற்றிய நம்மவர் தோணிகள் பின்னர் நெடுநாள் அக்கால்வாயில் ஓடின.

காவிரிப் பாசனத்தால் தஞ்சை ஜில்லா மற்றவற்றினும் சிறிது தாங்கி நின்றது. அதனாலேயே பசித்தோர் கூட்டம் அங்கே வந்து குவிந்தது. வேதநாயகம் பிள்ளை கஞ்சித்தொட்டி வைத்தார். தம் பொருளை எல்லாம் அதில் இட்டார். தம் கைப்பொருள் குறைந்தபோது ஆதீனத் தலைவரையும் செல்வர்களையும் பாட்டாலும் பேச்சாலும் வேண்டி அவர்களையும் கொடுக்கச் செய்தார். பஞ்சம் நீங்கும்படி இறைவனிடம் முறையிட்டுக் கீர்த்தனைகள் பாடினார். கோபாலகிருஷ்ண பாரதியார் மனிதரைப் பாடும் வழக்கமில்லாதவர். அவரும் இக்கொடையைக் கண்டு ஒரு கீர்த்தனை பாடினார் என்பது இசையுலகம் அறிந்த செய்தி. சர்வ சமய சமரசக் கீர்த்தனை 1878-இல் வெளிவந்தது. பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல் வெளிவந்தது. பசித்தவர் வரிசை கலைந்த மறு ஆண்டிலேயே அந்நாவல் அச்சேறியது என்பதை மனத்திற் கொண்டு படித்தால், அதிலுள்ள வேடிக்கைகளும் வேறாகத் தோன்றும்.

கதையின் போக்கைச் சுருக்கிச் சொல்வோம். சத்தியபுரியிற் பிறந்த பிரதாப முதலியார் தம் வரலாற்றைத் தாமே சொல்கின்றார். அவர் மனைவி ஞானாம்பாள். பல விளையாட்டும் விபத்தும் நடந்த பின், யானையொன்று பிரதாபரைத் தூக்கிச் சென்று அரசனில்லாத நாடொன்றிற் சேர்க்கின்றது. அங்கே அறுந்த பாதரட்சையைத் தைப்பவனிடம் கொடுத்து, உன்னைச் சந்தோஷப்படுத்துவேன் என்ற கருத்திற் பேசிவிடுகின்றார். எவ்வளவு கொடுத்தாலும் தைத்தவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. வழக்கு ஏறுகின்றது, பிரதாபர் சிறை புகுகின்றார். சிரித்துக்கொண்டே படிக்கும் இடம் இது. ஆனால் சொல்லின் எழுத்தைப் பிடித்துக்கொண்டு பொருளைக் கைவிடும் கோர்ட்டுக்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்த முன்சீப் ஒருவரே இதனை எழுதியிருக்க முடியும்.

ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு கணவனைத் தேடிப் புறப்பட்டு விக்கிரமபுரியை அடைகின்றாள். அரசன் இறந்ததால் அடுத்த அரசனைத் தேர்ந்தெடுக்க மாலையோடு வந்த யானை அவள் கழுத்தில் மாலையிடுகின்றது. அரசாளும் பெண் என்ன செய்கின்றாள்? போர் தொடுக்கவில்லை. கைக்கூலியை ஒழிக்கின்றாள், நியாயஸ்தலங்களைச் சீர் செய்கின்றாள். தமிழ் வழங்கும் நாட்டிற் கட்சிக்காரரும் வக்கீலும் நியாயாதிபதியும் தமிழராக இருக்க, வழக்கு மட்டும் ஆங்கிலத்தில் நடப்பது எதற்கு என்று நாவலாசிரியர் கேட்டுச் சிரிக்கும் பகுதி இந்நூலில் வருகின்றது. அவ்விடத்தைப் படிக்கும்போது எம் வீட்டுத் திண்ணையில் நனைந்த மடியோடு அமர்ந்திருந்த பெரியவர் முகம் எமக்குத் தோன்றாமல் இராது.

நூலின் குறைகளை மறைத்தல் ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று. கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிட்டுப் பிரசங்கம் செய்வது அவர் வழக்கம். எம் மாணாக்கர் அவ்விடங்களிற் கொட்டாவி விடுவதை யாம் கண்டிருக்கின்றோம். அரசனில்லாத நாடு சீர்குலைந்து போகும் என்று அவர் எழுதியதையும், தேர்தலில் வாக்களித்துப் பழகிய நாம் ஒப்புக்கொள்ள வேண்டுவதில்லை. கம்பெனி ஆட்சியையும் அதன்பின் இராணியின் ஆட்சியையும் மட்டும் கண்டவர் அவர். இன்னும் ஒன்று எம் உள்ளத்தை உறுத்துவது. தரங்கம்பாடியில் அலையோசை கேட்கும் இடத்திலிருந்து நீதி வழங்கியவர், நெய்தல் நில மாந்தருக்குத் தம் கதையில் முதலிடம் ஒன்றும் தரவில்லை. அவர் கதைமாந்தர் பெரும்பாலும் நிலமும் நெல்லும் உடையோர். வழக்குக் கட்டில் நம்மவர் பெயரை அவர் நிச்சயம் படித்திருப்பார், கதையில் எழுதவில்லை. நம் குலத்துப் பிள்ளைகள் எழுதும் நாளில் அக்குறை நீங்கட்டும்.

பெண்மக்கள் பொருட்டு அவர் செய்தது தனியே சொல்லத்தக்கது. 1869-இற் பெண்மதிமாலையும், அதனோடு பெண்கல்வி பற்றிய வசனமும் வெளியிட்டார். ஞானாம்பாள் கணவனினும் அறிவுடையவள் என்பதைக் கணவன் வாயாலேயே சொல்ல வைத்தது அக்காலத்திற் சிறிய துணிவன்று. ஆயினும் அரசாண்ட ஞானாம்பாள் அரசைத் துறந்து இல்லறத்திற்கே திரும்புகின்றாள். அதற்கு அப்பாற் செல்ல அக்காலம் அவரை விடவில்லை. 1887-இல் எழுதிய இரண்டாம் நாவலாகிய சுகுணசுந்தரியிற் பால்ய விவாகத்தைக் கண்டித்தார். அதனைப் படிப்போர் இன்று குறைவு. முதல் நூலின் சுவை அதில் இல்லை என்பதும் உண்மை.

சமயத்தில் அவர் உறுதியான கத்தோலிக்கர். தேவமாதாவின் மீது பாமாலைகள் புனைந்தவர். சமரசக் கீர்த்தனைகளையோ எச்சமயத்தாரும் தம் தெய்வத்தை எண்ணிப் பாடும்படி அமைத்தார். இதனை நம் ஏரிக்கரையில் விரித்துரைக்க வேண்டுவதில்லை. கோட்டைக்குப்பத்தாரும் ஆண்டிக்குப்பத்தாரும் நடுவூர் மாதாகுப்பத்தாரும் ஒரே நீரிற் பாடு பிரித்துக்கொள்கின்றனர். அம்மன் கோயிலுக்கு ஒருவர் செல்ல, மகிமை மாதா கோயிலுக்கு மற்றொருவர் செல்ல, சீட்டு மட்டும் ஒரே முறையில் விழுகின்றது.

அவர் வழியைப் பின்பற்றியோ அவரை அறியாமலோ, இந்திய மொழிகள் பலவற்றில் அக்காலத்தே நாவல் பிறந்தது. அவ்வாறு எழுதியோருள் நியாயஸ்தலத்தைச் சேர்ந்தவர் பலராக இருப்பது வியப்பு. வங்கத்திற் பங்கிம் சந்திரர் டெபுடி மாஜிஸ்திரேட். மலையாளத்தில் இந்துலேகா எழுதிய சந்து மேனோன் முன்சீப்பாக இருந்தவர். (நம் ஏரியின் வடகரையில் வழங்கும் தெலுங்கில் 1880-இல் இராஜசேகர சரித்திரம் தந்த வீரேசலிங்கம் பந்துலு எம்மைப்போற் பள்ளி ஆசிரியர் என்பதை இங்கே சேர்த்துக்கொள்ள ஆசைப்படுகின்றோம்.) இந்துலேகா வெளிவந்த 1889-ஆம் ஆண்டிலேயே, ஜூலை மாதம் 21-ஆம் நாள், வேதநாயகம் பிள்ளையவர்கள் தம் 62-ஆம் வயதிற் காலமானார்கள்.

கீழ்க்கோர்ட்டுக்களிற் பின்னாளிற் சட்டத்தால் தமிழ் இடம் பெற்றது. உயர்நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டும் என்று 2006-இல் நம் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியும் அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. பெரியவருடைய கட்டு இப்போது சங்கத்து அலமாரியில் இருக்கின்றது. யாம் தமிழில் எழுதிய பெயர்ப்பும் அதனுள்ளே வைக்கப்பட்டிருக்கின்றது. அதே அலமாரியின் மேல்தட்டிற் பிரதாப முதலியார் சரித்திரம் பிரதியொன்று உண்டு. தையல் சிறிது தளர்ந்திருக்கின்றது. கொண்டு செல்வோர் பெயரேட்டிற் கையெழுத்திட்டு எடுத்துச் செல்லலாம். சென்ற மாதம் எடுத்துச் சென்றவர் மாதாகுப்பத்துப் பெண்பிள்ளை ஒருத்தி, இன்னும் திருப்பித் தரவில்லை.